தூரம் எண்டு சொல்லித் தப்ப ஏலாது

எங்களில் சிலர் பாடசாலைக் காலத்தில் சொந்தமாக வலைத்தளம் தொடங்கினவர்கள். காசு கட்டிப் பெயர் வாங்க வழியில்லை. அதனால் இலவசமாகக் கிடைத்த ஒரு முகவரியை எடுத்தோம். கடைசியில் 'டொட் டிகே' எண்டு முடியும். அதில் கவிதை போட்டோம், கிரிக்கெட் எழுதினோம், படத்துக்கு விமர்சனம் எழுதி எங்களுக்குள்ளேயே சண்டையும் பிடித்தோம். அந்த இரண்டு எழுத்தும் யாருடையது எண்டு அப்போது ஒருத்தரும் தேடிப் பார்க்கேல்ல. ஒருத்தர் துருக்கி எண்டார், மற்றவர் அது சும்மா ரெண்டு எழுத்து எண்டார். அதோட கதை முடிஞ்சுது.

அந்த எழுத்துகள் டோக்கெலாவ் என்ற நாட்டினுடையவை. பசிபிக் சமுத்திரத்தில், சமோவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் மூன்று பவளத்தீவுகள்: அதாஃபு, நுகுனோனு, ஃபகாஓஃபோ. மூன்றினதும் நிலத்தைக் கூட்டினால் 12 சதுர கிலோமீற்றருக்கு மேல் வராது. சனத்தொகை 1500 அளவில். எங்கட ஊர்களில் ஒரு பெரிய பாடசாலையில் படிக்கிற பிள்ளைகளின் தொகைதான். பல வருடமாக அந்தச் சனத்தின் பெயரை வாசல் பலகையில் மாட்டிக்கொண்டு, அவர்கள் இருக்கிறார்கள் எண்டே தெரியாமல் நாங்கள் இலக்கியம் வளர்த்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் இருந்து தொடங்குகிறது.

வெட்கப்பட்டதோட நிற்காமல் தேடி வாசித்தோம். தமிழில் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 'உலகத்திலேயே தனிமையான நாடு', 'விமான நிலையமே இல்லாத அதிசயத் தீவு' எண்டு வியக்கிற பத்து நிமிட வீடியோக்கள். மற்றது, 'கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும் சொர்க்கம்' எண்டு கண்ணீர் விடுகிறவை. இரண்டிலும் ட்ரோன் கமராவுக்குக் கீழே நீலத் தண்ணீர் தெரியும், தென்னை தெரியும். மனிசர் ஒருத்தரும் வாய் திறந்து கதைக்கமாட்டினம். எங்களுக்கு இந்த இரண்டு வகையோடும் சண்டை இருக்கு. தனிமையான நாடு எண்டு சொல்கிறவர் அந்த நாட்டின் வரலாற்றை அழிக்கிறார். மூழ்குகிற சொர்க்கம் எண்டு சொல்கிறவர் அதன் எதிர்காலத்தை இப்பவே எழுதி முடிக்கிறார். நடுவில் இருக்கிற சனத்துக்கு எஞ்சுவது பார்வையாளரின் வியப்பும் இரக்கமும் மட்டும்தான்.

முதலில் புவியியல். பவளத்தீவு எண்டால் வட்டமாக நட்ட தென்னந்தோப்பு இல்லை. ஆதியில் கடலுக்கு மேல் எழுந்த ஒரு எரிமலை இருந்தது. அதைச் சுற்றிப் பவளப்பாறை வளர்ந்தது. எரிமலை மெல்ல மெல்லக் கீழே தாழ, பவளம் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்ந்தது. கடைசியில் மலை காணாமற்போய், அதைச் சுற்றியிருந்த வளையம் மட்டும் மிஞ்சியது. 1842இல் டார்வின் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் எண்டு எழுதினார். 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டொக்கில் ஒரு கிலோமீற்றருக்கும் கூடுதலாகத் துளையிட்டுப் போன பிறகுதான் அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டோக்கெலாவின் மூன்று தீவுகளும் இப்படி உருவான வளையங்கள்தான். வளையத்தின்மேல் 'மோட்டு' எனப்படும் சின்னச் சின்னத் திட்டுகள், நடுவில் நீரேரி. பெரும்பாலான திட்டுகளின் அகலம் சில நூறு மீற்றர்தான். நிலம் கடல் மட்டத்தில் இருந்து மூன்று, நாலு, மிஞ்சினால் ஐந்து மீற்றர் உயரம். ஆறு இல்லை, குளம் இல்லை. குடிதண்ணீர் வானத்திலிருந்து வரவேண்டும். மண்ணும் பவளப் பொடிதான். அதில் தென்னை, தாழை, ஈரப்பலா வளரும். கிழங்கு வேணுமெண்டால் குழி தோண்டிக் குப்பை இலை போட்டு மண்ணையே உருவாக்க வேண்டும்.

'பன்னிரண்டு சதுர கிலோமீற்றர்தானே' எண்டு கேட்கலாம். நிலத்தை மட்டும் அளந்தால் அப்படித்தான். டோக்கெலாவுக்கு உரிய பிரத்தியேகப் பொருளாதார வலயம் ஏறத்தாழ 319,000 சதுர கிலோமீற்றர். சூரை மீன் ஓடுகிற கடல் அது. நாட்டின் சொந்த வருமானத்தில் பெரும்பங்கு, அங்கே மீன்பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் அனுமதிக் கட்டணத்தில் இருந்து வருகிறது. பசிபிக் சிந்தனையாளர் எப்பெலி ஹவுஓஃபா 1993இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த அளக்கிற புத்தியைத்தான் உடைத்தது. தொலைவான கடலில் சிதறிய குட்டித் தீவுகள் எண்டு பார்ப்பது கண்டத்தில் இருந்து வந்தவரின் பார்வை, அங்கே பிறந்தவர்களுக்குக் கடலும் சேர்ந்ததுதான் வீடு எண்டு அவர் வாதிட்டார். வரைபடத்தில் நீலமாகத் தெரிவதெல்லாம் வெறுமை எண்டு நினைக்கிற பழக்கம் எங்களுக்கும் இருக்கு. அதை விட வேணும்.

அந்தக் கடலில் சனம் ஆயிரம் வருடமளவில் வாழ்கிறது. ஒரு தீவில் நின்று மற்றத் தீவைக் கண்ணால் பார்க்க ஏலாது. அப்படியிருந்தும் வள்ளத்தில் போய் வந்தார்கள், பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள், சண்டையும் பிடித்தார்கள். ஃபகாஓஃபோ மற்ற இரண்டையும் அடக்கி ஆண்ட காலம் உண்டு. துய் டோக்கெலாவ் என்ற தெய்வம் பவளக் கல்லின் வடிவில் ஃபகாஓஃபோவில் நின்றது. அடிபட்டுத் தோற்றவர்கள் ஓடிப்போன கதைகளும் உண்டு. இதை ஏன் சொல்கிறோம் எண்டால், அது ஒருகாலமும் சொர்க்கமாக இருக்கேல்ல. அதிகாரமும் பகையும் உறவும் இருந்த சாதாரண மனித ஊர். சொர்க்கத்துக்கு வரலாறு தேவையில்லை, ஊருக்குத் தேவை.

இப்ப 'தூரம்' என்ற சொல்லுக்கு வருவம். அது தூரம் எண்டால் அங்கே யாரும் போயிருக்கக் கூடாது. ஆனால் தேவைப்பட்டவன் எல்லாரும் போயிருக்கிறான். 1765இல் ஜோன் பைரன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர் அதாஃபுவைக் கண்டு, யோர்க் கோமகனின் தீவு எண்டு பெயர் வைத்துவிட்டுப் போனார். 1791இல் பவுன்டி கப்பலில் கலகம் செய்தவர்களைப் பிடிக்கத் தேடிவந்த எட்வேர்ட்ஸ், நுகுனோனுவுக்கு இன்னொரு கோமகனின் பெயரை வைத்தார். 1841இல் அமெரிக்க ஆய்வுப் பயணக் கப்பல்கள் வந்து ஃபகாஓஃபோவுக்கும் ஒரு பெயர் வைத்தன. ஏற்கெனவே பெயர் இருந்த ஊர்களுக்கு, கேட்காமலே, மூன்று புதுப் பெயர்கள். பிறகு சமோவா வழியாக மிசனரிகளின் ஆட்கள் வந்தார்கள். அதாஃபு புரட்டஸ்தாந்தத்துக்குப் போனது, நுகுனோனு கத்தோலிக்கத்துக்கு, ஃபகாஓஃபோ இரண்டுக்கும்.

1863இல் வந்தவர்கள் பெயர் வைக்க வரேல்ல. பெருவில் தோட்டங்களுக்கும் வீட்டு வேலைக்கும் கூலிகள் தேவைப்பட்டனர். அதற்காகப் பசிபிக் முழுவதும் கப்பல்கள் ஆள் பிடித்தன. ஈஸ்டர் தீவில் இருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். டோக்கெலாவின் மூன்று தீவுகளில் இருந்தும் ஏறத்தாழ 250 பேரைக் கொண்டுபோனார்கள். அது அன்றைய சனத்தொகையில் அரைவாசியளவு. உடல்வலுவுள்ள ஆண்களில் பெரும்பாலானோர் அதில் அடக்கம். ஒரு ஊரில் வள்ளம் தள்ளக்கூடியவர்கள், மரம் ஏறக்கூடியவர்கள், ஆழ்கடலில் மீன்பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே வருடத்தில் இல்லாமல் போனால் அந்த ஊரில் அடுத்த நாள் என்ன நடக்கும் எண்டு யோசித்துப் பாருங்கள். பசிபிக்கில் இருந்து பெருவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் நோயாலும் வேலையாலும் இறந்தார்கள். ஆட்சேபம் எழுந்து பெரு அரசு அந்த வியாபாரத்தை நிறுத்தியபோது, திருப்பி அனுப்பப்பட்ட கப்பல்களில் அம்மை ஏறியது. டோக்கெலாவில் எஞ்சியவர்களோடு பிறகு வேறு தீவுகளில் இருந்து வந்தவர்களும், போர்த்துக்கேய, ஜேர்மன், ஸ்கொட்லாந்துக் கடலோடிகளும் சேர்ந்துதான் இன்றைய குடும்பங்கள் உருவாகின. 'வெளியுலகம் தெரியாத தீவு' எண்டு யாராவது வீடியோவில் சொன்னால், அவர்களிடம் 1863 எண்டு மட்டும் சொல்லுங்கள். வெளியுலகத்தை அந்தச் சனத்துக்கு நல்லாத் தெரியும்.

அதன் பிறகு கொடிகள் வந்தன. 1889இல் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் எண்டார்கள். 1916இல் கில்பேர்ட், எல்லிஸ் தீவுகளின் குடியேற்றத்தோடு சேர்த்தார்கள். 1925இல் நியூசிலாந்திடம் கொடுத்தார்கள். 1949இன் முதல் நாளில் இருந்து நியூசிலாந்தின் ஒரு பகுதி. நாலாவதாக ஒரு தீவும் இருந்தது, ஒலொஹேகா. 1856இல் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே குடியேறித் தேங்காய்த் தோட்டம் போட்டார். 1925இல் அமெரிக்கா அதை அமெரிக்கச் சமோவாவுடன் இணைத்தது. 1980இல் ஒரு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அமெரிக்கா மற்ற மூன்று தீவுகள் மீதும் வைத்திருந்த உரிமைக்கோரலைக் கைவிட்டது, அதற்குப் பதிலாக ஒலொஹேகா அமெரிக்காவுக்கு எண்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. தங்கட மூன்று தீவை வைத்திருக்க நாலாவதைக் கொடுக்க வேண்டி வந்தது. 2020 அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஒலொஹேகாவில் ஒருத்தரும் இருக்கேல்ல. ஆனால் டோக்கெலாவ் சனம் அதை இன்னும் மறக்கேல்ல.

இவ்வளவு பேருக்கும் தூரம் ஒரு தடையாக இருக்கேல்ல. தடையாக இருந்தது உள்ளூர்ச் சனத்துக்குத்தான். இதையும் நேர்மையாகச் சொல்ல வேணும், ஏனெண்டால் 'தூரம் ஒரு கற்பனை' எண்டு எழுதினால் அது எங்கட மேசையில் இருந்து செய்யிற பகிடி. தூரம் உண்மை. விமான ஓடுபாதை இல்லை. சமோவாவின் அப்பியாவில் இருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். 500 கிலோமீற்றர் எண்டால் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ரோட்டால் போற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் அங்கே இரவு பஸ் இல்லை. துறைமுகமும் இல்லை. கப்பல் வெளியே நிற்க, சின்னப் படகில் அலை பார்த்துப் பவளப்பாறையைக் கடந்து கரைக்கு வரவேண்டும். கடும் நோயாளிக்கும், பிரசவத்தில் சிக்கல் வந்த தாய்க்கும் அந்த ஒரு நாள் எவ்வளவு நீளம் எண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1990இல் ஓஃபா, 2005இல் பேர்சி எண்டு சூறாவளிகள் வந்து வீட்டையும் மரத்தையும் அடித்துப் போயின. 2011 ஒக்டோபரில் மழை பொய்த்து, சில நாளுக்கு மட்டும் போதுமான குடிதண்ணீர் மிஞ்ச, வெளியிலிருந்து கப்பலில் தண்ணீர் கொண்டுவர வேண்டி வந்தது.

ஆகவே எங்கட கேள்வி, தூரம் இருக்கா இல்லையா என்பது அல்ல. ஆள் பிடிக்க, மதம் பரப்ப, கொப்பறா ஏற்ற, சூரை பிடிக்க வருகிறவனுக்குக் கிட்டவாக இருக்கிற ஊர், வைத்தியருக்கும் கப்பல் சேவைக்கும் மட்டும் ஏன் தூரமாகிறது? அதுக்குப் பதில் புவியியலில் இல்லை.

அடுத்தது 'மூழ்குகிறது' என்ற கதை. கடல் உயர்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அதற்குக் காரணமான புகையில் டோக்கெலாவின் பங்கு கணக்கில் எடுக்கவே ஏலாத அளவு சின்னது. ஆனால் தீவு என்பது கோப்பைக்குள் வைத்த கல் மாதிரி, தண்ணீர் ஏற ஏறச் சும்மா மறையிற பொருள் இல்லை. பக்கத்து நாடான துவாலுவின் 101 தீவுத் திட்டுகளை 1971 முதல் 2014 வரை ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2018இல் வந்தது. மொத்த நிலப்பரப்பு 2.9 வீதம் கூடியிருந்தது. அலை பவளப் பொடியைக் கொண்டுவந்து கொட்டியபடியே இருக்கிறது. சில திட்டுகள் வளர்ந்தன, சில தேய்ந்தன. இதை வைத்துக்கொண்டு 'பார்த்தீங்களா, காலநிலை மாற்றம் பொய்' எண்டு துள்ளுகிறவர்களுக்கு எங்களிடம் பொறுமை இல்லை. நிலம் மிஞ்சினாலும் உப்பு ஏறிய கிழங்குக் குழியில் கிழங்கு வராது. சூடேறிய கடலில் பவளம் வெளிறிச் செத்தால் நாளைக்குப் பொடி வர இடமில்லை. ஆபத்து இருக்கு. ஆனால் அது தண்ணீரை, சாப்பாட்டை, வேலையை, போக்குவரத்தைப் பற்றிய ஆபத்து. அவற்றுக்குக் காசும் திட்டமும் ஒதுக்க முடியும். 'எப்படியும் மூழ்கப்போகுது' எண்டு முடிவு கட்டிவிட்டால் ஒன்றும் ஒதுக்கத் தேவையில்லை. அந்தக் கண்ணீருக்குள் இருக்கிற வசதி அதுதான்.

இன்னொரு கூட்டமும் இருக்கு, அது எங்கட பக்கத்துக் கூட்டம். சுயநிர்ணயம் எண்ட சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து இருக்கிற நாங்கள்தான். டோக்கெலாவ் 1946 முதல் ஐ.நா.வின் சுயாட்சியற்ற பிரதேசங்களின் பட்டியலில் இருக்கிறது. 2006 பெப்ரவரியில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. நியூசிலாந்துடன் சுதந்திரமான இணைப்பில் சுயாட்சி வேணுமா எண்டு கேட்டார்கள். 60 வீதம் ஆம். 2007 ஒக்டோபரில் திரும்பவும் கேட்டார்கள். 692 வாக்கில் 446 ஆம், 64.4 வீதம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு தேவை எண்டு விதி. 16 வாக்குக் குறைந்து போனது. அதோடு அது அப்படியே நின்றுவிட்டது. இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தர் 'அடிமைப் புத்தி' எண்டார். அந்தச் சொல்லை நாங்கள் ஏற்கவில்லை.

முதலாவது, ஆம் எண்டவர்கள்தான் பெரும்பான்மை, இரண்டு தரமும். இரண்டாவது, மூன்றில் இரண்டு என்ற எல்லை டோக்கெலாவின் பொதுச் சபையே வைத்தது. இவ்வளவு பெரிய முடிவைச் சும்மா ஒரு வாக்கு வித்தியாசத்தில் எடுத்து ஊரைப் பிளக்கக் கூடாது எண்டு நினைத்திருக்கிறார்கள். மூன்றாவது, இல்லை எண்டவர்களுக்கும் கணக்கு இருந்தது. அவர்கள் நியூசிலாந்துப் பிரசைகள். டோக்கெலாவ் வம்சாவளியினர் 8000 பேருக்கு மேல் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். 1960களில் சூறாவளிக்குப் பிறகு நியூசிலாந்து அரசே குடும்பங்களைக் கூட்டிப்போய்க் குடியேற்றியது. பிள்ளை அங்கே, அம்மா இங்கே. வரவு செலவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. கயிறு அறுந்தால் கப்பல் வருமா எண்ட பயம் கோழைத்தனம் இல்லை. அதேநேரம், தீவில் வசிப்பவர்கள் மட்டுமே வாக்களித்தார்கள். வெளியே இருக்கிற பெரும்பான்மைக்கு வாக்கு இல்லை. அது சரியா பிழையா எண்ட விவாதம், புலம்பெயர்ந்த உறவுகளோடு வாழ்கிற எங்களுக்கு அந்நியமானது இல்லை. தீர்ப்புச் சொல்லுமுன் அந்த விவாதத்துக்குள் இறங்கிப் பார்ப்பதுதான் மரியாதை.

டோக்கெலாவ் தன்னை ஆளுகிற விதத்தைப் பார்த்தாலும் அடிமைப் புத்தி தெரியேல்ல. தலைநகர் இல்லை. மூன்று ஊரின் தலைவர்களும் வருடத்துக்கு ஒருத்தராக நாட்டுத் தலைவர் பதவியை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் பெரியவர்களின் சபைக்குத்தான் உண்மையான அதிகாரம். ஊர் கூடிப் பிடித்த மீனை 'இனாட்டி' எண்ட முறையில் நிலத்தில் பரப்பி, எல்லாக் குடும்பத்துக்கும் தலைக்கணக்கில் பங்கு வைக்கிறார்கள். கடலுக்குப் போக ஏலாத கிழவிக்கும், பிறந்த குழந்தைக்கும் பங்கு உண்டு. இதைக் கேட்டு எங்கட இடதுசாரித் தோழர்கள் கண் கலங்க வேண்டாம். பெரியவர்களின் சபையில் இளையவர்களின் குரலும் பெண்களின் குரலும் எவ்வளவு ஏறும் எண்டு கேட்கவும் வேணும். பங்கு முறையைப் போற்றிக்கொண்டே அந்தக் கேள்வியையும் கேட்கலாம்.

2012இல் டோக்கெலாவ் 4032 சூரியப் பலகைகளைப் பொருத்தி, டீசலில் ஓடிய மின்சாரத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகச் சூரியனுக்கு மாற்றியது. மூழ்கிறவன் எண்டு உலகம் அழுதுகொண்டிருந்தபோது அவர்கள் செய்த வேலை இது. 2016இல் வந்த 'மோனா' படத்தின் கடலோடிப் பாட்டை நீங்களும் முணுமுணுத்திருப்பீர்கள். அதில் டோக்கெலாவ் மொழி வரிகள் இருக்கு. அதைச் செய்த ஒபெட்டாயா ஃபோவாயின் தகப்பன் டோக்கெலாவ்காரர். அந்த மொழியை நாங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம், மொழி எண்டு தெரியாமல்.

திரும்ப எங்கட வலைத்தள முகவரிக்கு வருவம். 'டொட் டிகே' பெயர்களை ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஒரு கம்பனி நடத்தியது. இலவசமாகக் கொடுத்ததால் 20 மில்லியனுக்கு மேல் பெயர்கள் பதிவாகின. ஜேர்மனியின் முகவரிகளைவிடக் கூட. தொடக்கத்தில் டோக்கெலாவுக்குக் கொஞ்சக் காசும் இன்டர்நெட் இணைப்பும் கிடைத்தது உண்மை. ஆனால் இலவசம் எண்டதும் மோசடிக்காரரும் ஸ்பாம் அனுப்புகிறவர்களும் கூட்டமாக வந்தார்கள். ஒரு நாட்டின் பெயர் உலகம் பூராவும் சந்தேகத்துக்குரிய முகவரியாகியது, அந்தப் பெயரை யார் வைத்திருக்கலாம் எண்டு சொல்கிற அதிகாரம் அவர்களிடம் இருக்காமலே. கோமகன்களின் பெயரை ஒட்டினவர்கள் ஒரு காலம். பெயரையே பிடுங்கி ஊருக்கெல்லாம் பங்கு வைத்தவர்கள் இன்னொரு காலம். அதில் ஒரு துண்டு எங்கட கையிலும் இருந்தது. நாங்கள் காசு கொடுக்கவில்லை என்பதற்காக அது இலவசமாக இருக்கவில்லை.

நாங்கள் கேட்பது சின்ன விசயம்தான். அடுத்த தரம் 'உலகின் தனிமையான தீவு' எண்டு தமிழில் ஒரு தலைப்பு வந்தால், அதைப் பகிர முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் அந்தத் தீவுக்காரர் ஒருத்தராவது கதைக்கிறாரா? நீங்களே எழுதுகிறவராக இருந்தால், 1863ஐ எழுதுங்கள், ஒலொஹேகாவை எழுதுங்கள், 16 வாக்கை எழுதுங்கள். தீவுகளின் பெயரை அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். எங்கட பழைய தளத்தில் இருந்து மீட்கக்கூடிய கட்டுரைகளை இந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி சேர்க்கிறோம்: இது முதலில் வெளிவந்தது டோக்கெலாவின் முகவரியில்.